படத்தில் ஒன்றுபோல் தெரியும் பூச்சிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பியுள்ள பூச்சிப் படங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை நாவாய்ப்பூச்சி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவற்றின் படங்கள். இவை அனைத்தும் குழல்வாயால் சாறு உறிஞ்சும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. அக்கூட்டத்தில் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும் இனங்கள் மிகுதி. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடையாளம் காட்டும் உறுப்பு அதில் பதிவாகவில்லை என்றால் பெயர் சொல்ல வழியில்லை. சற்று மங்கலான படமாயினும் அந்த உறுப்பு தெரிந்துவிட்டால் உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆகவே ஒவ்வொரு படமும் எதுவரை இடம் தருகிறதோ அதுவரைதான் பெயர் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு இனம், சிலவற்றுக்குப் பேரினம், ஒன்றுக்குக் குடும்பம் மட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பூவரச மரத்தின் அடியில் சிவப்புப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஊர்கின்றன. நான்கு படங்கள் அங்கே எடுத்தவை. ஐந்தாவது வேலியோரத்து எருக்கஞ்செடியில் எடுத்தது. எல்லாம் ஒரே பூச்சிதானா? குழந்தைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: உங்கள் ஐந்து படங்களில் மூன்று வகைப் பூச்சிகள் இருக்கின்றன, அம்மா. முதல் மூன்று படங்களில் இருப்பது டிஸ்டெர்கஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி. தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டைபோல் ஒரு வெள்ளைக் கோடு, முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி, சிறகின் நுனியில் கறுப்புச் சவ்வு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் வராது. மூன்றாவது படத்தில் வால்புறம் ஒட்டியபடி எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருப்பவை ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அளவு வேறுபடுவதால் இரண்டு இனங்கள் என்று எண்ண வேண்டாம், பெரியது பெண். பூவரசு, இலவம், வெண்டை, செம்பருத்தி, பருத்தி ஆகிய ஒரே குடும்பத்துச் செடிகளின் விதைகளே இவற்றுக்கு உணவு. பூவரசங்காய் உதிரும் காலத்தில் மரத்தடியில் இவை திரள்வதற்குக் காரணமும் அதுவே.

இனத்தின் பெயரைச் சொல்வதில்தான் சிக்கல். நம் நாட்டில் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ், டிஸ்டெர்கஸ் கோனிகி என்னும் இரண்டு இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் 1775-இல் பெயரிட்டவர் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ். பின்னதன் பெயர், தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து தென்னிந்தியத் தாவரங்களையும் உயிரினங்களையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய கோனிக் என்பவரை நினைவுபடுத்துவது. சிங்குலேட்டஸ் சற்றுப் பெரியது. அதன் தொடைகளில் கூடவோ குறையவோ கறுப்பு படர்ந்திருக்கும். முதல் படத்தில் பூச்சி கால்களை அகற்றி நிற்பதால் தொடையின் கறுப்பு தெளிவாகத் தெரிகிறது. அதைச் சிங்குலேட்டஸ் என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது படம் முதல் படத்தைவிடத் துல்லியமானது. ஆயினும் நேர்மேலிருந்து எடுத்ததால் தொடைகள் உடலுக்கு அடியில் மறைந்துவிட்டன. அதற்குப் பேரினப் பெயர் மட்டும் போதும்.

நான்காவது படத்தில் இருப்பது முற்றிலும் வேறு. சிவப்பு அதே சிவப்பு, சிறகு நுனியின் கறுப்பும் அதே கறுப்பு. ஆனால் வெள்ளைக் கழுத்துப்பட்டை இல்லை, சிறகில் கரும்புள்ளி இல்லை, உடலும் பருமன். இது ஆன்டிலோகஸ் பேரினத்தைச் சேர்ந்தது. முன்னதன் குடும்பத்திலேயே பிறந்து முன்னதையே வேட்டையாடித் தின்பது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அதன் உறிஞ்சுகுழல் ஓர் இளம் டிஸ்டெர்கஸின் முதுகில் இறங்கியிருக்கிறது. ‘ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த வேட்டையைத்தான். இதன் குஞ்சுகளும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே திரிந்து இரை தேடும். சிவப்பாகத் தெரிவதையெல்லாம் ஒன்றாக மருந்தடித்துக் கொன்றால், இந்தக் காவலாளியும் சேர்ந்து சாகும்.

எருக்கில் எடுத்த ஐந்தாவது, ஸ்பைலோஸ்டெதஸ் பேரினத்துப் பூச்சி. இதன் தலையில், இரு பெரிய கண்களுக்கு இடையே, கடுகிலும் சிறிய இரண்டு தனிக்கண்கள் மினுங்குவது உங்கள் படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது. முன் சொன்ன இரண்டுக்கும் இந்தத் தனிக்கண்கள் கிடையா. நிறத்தைக் கண்டு குழம்பும் இடத்தில் குடும்பத்தையே பிரித்துக் காட்டும் அடையாளம் இது. சிறகுச் சவ்வின் நடுவே வெள்ளைப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் பாண்டுரஸ் என்னும் இனம். பொட்டின்றி முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஹாஸ்பெஸ். உங்கள் படத்தில் அந்த இடத்தில் வெயில் பட்டு வெளுத்திருப்பதால் பேரினத்தோடு நிறுத்துகிறேன்.

குழந்தைகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். விதை உறிஞ்சும் இப்பூச்சிகள் மனிதரைக் குத்துவதில்லை. ஆனால் இதே சிவப்பும் கறுப்பும் கொண்ட ரைனோகோரிஸ் என்னும் கொலைகாரப் பூச்சி நம் தோட்டங்களில் உண்டு; கையில் பிடித்தால் கடுமையாக வலிக்கும்படி குத்தும். அதன் தலை ஒடுங்கி நீண்டிருக்கும், கண்ணுக்குப் பின்னால் கழுத்து தெரியும், உறிஞ்சுகுழல் குட்டையாக வளைந்து உடலைவிட்டு விலகி நிற்கும். செடிச்சாறு உண்பவற்றின் குழல் நேராக, நீளமாக, கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டிக்கிடக்கும். கொலைகாரப் பூச்சிகள் பயிர்ப்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுபவை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இவற்றைக் குறித்து நீண்டகாலம் ஆய்வு நடந்திருக்கிறது. குழந்தைகளிடம் ‘பார், தொடாதே’ என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் விளையில் மரச்சீனிக் (மரவள்ளி) கொழுந்து சுருண்டு, வெள்ளை மாவு படிந்து நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் பப்பாளியிலும் அதே மாவு. பப்பாளியிலிருந்துதான் பரவியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மூன்றாவது படத்தில் நடுவே பெரிதாக இருப்பது தாய்ப்பூச்சியா? அதைக் கொன்றால் பெருக்கம் நிற்குமா?
— வாசகர், திருவட்டாறு

பதில்: அந்தப் பெரிய பூச்சியைக் கொல்லாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். மாவுப்பூச்சியின் வளர்ந்த பெண்ணே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். உங்கள் படத்தில் இலை நரம்போடு ஒப்பிட்டால் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது; மேலே தொங்கும் மெழுகு இழைகள் தடித்து, சடைசடையாக இருக்கின்றன; நீங்கள் எடுத்த அடுத்த படத்தில் அது இடம் மாறியும் இருக்கிறது. மாவுப்பூச்சி அவ்வளவு விரைவாக நகராது. இது கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே வாழ்ந்து, அவற்றைப்போலவே மெழுகு போர்த்துக்கொண்டு, அவற்றையே தின்று வளர்வது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இவ்வண்டு 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு கருமையான உடலும் செம்பழுப்புத் தலையுமாக இருக்கும். மாவுப்பூச்சிப் படங்களில் அடிக்கடி ‘தாய்ப்பூச்சி’ என்று வட்டமிடப்பட்டு வருவது இந்தப் புழுதான் என்பது வருத்தம் தரும் செய்தி.

இனி மாவுப்பூச்சிகள். பப்பாளியில் இருப்பதும் மரச்சீனிக் கொழுந்தில் இருப்பதும் ஒன்றல்ல என்றே கருதுகிறேன். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடெங்கும் பரவிப் பெரும் இழப்பை உண்டாக்கியது. 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி வேறு; அது 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டுப் பிறகு தமிழ்நாட்டுக்குள்ளும் வந்தது. அதற்கான குளவியாகிய அனகைரஸ் லோபெசி, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022-இல் சேலம் மாவட்டத்து மரவள்ளி வயல்களில் விடப்பட்டது. ஒன்றுக்கு உரிய குளவி மற்றதில் முட்டையிட்டுப் பயன் தராது. ஆகவே வெள்ளை மாவைக் கண்டதும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே வழியைக் கையாள்வது வீண் செலவாகும்.

இந்தக் குழப்பம் ஒரு கண்டத்தையே சில ஆண்டுகள் காக்கவைத்தது. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியில் தோன்றிய மரவள்ளி மாவுப்பூச்சி, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவை அழித்துக்கொண்டு ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால் அதன் இயற்கை எதிரிகளை அங்கே தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் அதே தோற்றமுடைய மாவுப்பூச்சியும் அதைத் தாக்கும் குளவிகளும் கிடைத்தன. கொண்டுவந்து விட்டபோது அக்குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைத் தீண்டவில்லை. நுணுகி ஆராய்ந்தபோது, அங்கே கிடைத்த மாவுப்பூச்சி ஹெரெனி என்னும் வேறோர் இனம் என்று தெரிந்தது. பின்னர் 1981-இல் பராகுவே நாட்டில் உண்மையான இனம் கிடைத்தது. அதனோடு சரியான குளவியும் கிடைத்து, ஆப்பிரிக்காவின் மரவள்ளி பிழைத்தது. அப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அந்த இரண்டு இனங்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உடலின் நிறம்: ஒன்று மஞ்சள், மற்றது இளஞ்சிவப்பு. உங்கள் விளையிலும் பார்க்க வேண்டியது நிறத்தைத்தான். மாவு மூடிய நிலையில் எல்லாம் வெள்ளைதான். மாவுக்கு அடியில் பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாகவும், மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாகவும் இருக்கும். உங்கள் முதல் படத்தில் விரல் பட்டு மாவு கலைந்த ஓரிடத்தில் இளஞ்சிவப்பு தெரிகிறது. கொழுந்து சுருண்டு குத்தாக நிற்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள இப்படிச் செய்யுங்கள்: இரு செடிகளிலிருந்தும் சில பூச்சிகளைத் தனித்தனியாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, மெல்லிய தூரிகையால் மாவை நீக்கிப் படம் எடுங்கள்; பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தனித்தனிச் சிறு புட்டிகளில் போட்டு வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு நாளில் நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும். முதுகில் இரண்டு கருங்கோடுகளும் வாலில் இரண்டு நீண்ட இழைகளும் இருந்தால் அது ஃபெரிசியா என்னும் மூன்றாவது வகை. முடிவான பெயர், பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் கிடைக்கும். அதற்குத் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையோ, எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தையோ அணுகலாம். அதுவரை, பாதித்த கொழுந்துகளை ஒடித்து எரித்துவிடுங்கள். அந்த மூட்டிலிருந்து நடுவதற்குக் கம்பு எடுக்காதீர்கள். மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: கும்பப்பூ நெற்பருவத்தில் கதிர் பால் பிடிக்கும்போது வந்த பூச்சியின் படம் இது. கதிர் நாவாய்ப்பூச்சி என்று தெரியும். இதில் இரண்டு இனம் உண்டாமே, இது எது? வரப்பில் இட்ட பயற்றிலும் இதேபோல் ஒன்று இருக்கிறது; நெல்லிலிருந்து அங்கே போய்விட்டதா?
— விவசாயி, பூதப்பாண்டி

பதில்: நெற்கதிரில் இருப்பது லெப்டோகோரைசா. அக்யூட்டா, ஒரட்டோரியஸ் என்னும் இரண்டு இனங்களும் மேலிருந்து பார்க்க ஒரே பச்சை கலந்த பழுப்பு, ஒரே மெலிவு, ஒரே நாற்றம். வேறுபாடு வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கிறது: ஓரமாக வரிசையாய்ப் புள்ளிகள் இருந்தால் ஒரட்டோரியஸ். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் முதுகுப்புறம் எடுத்தவை என்பதால் பேரினம் வரைதான் சொல்ல இயலும். பயிர்ப் பாதுகாப்பைப் பொறுத்தவரை இதனால் உங்களுக்கு இழப்பில்லை. இரண்டும் பாலை உறிஞ்சிக் கதிரைப் பதராக்குபவை, இரண்டுக்கும் வழிமுறை ஒன்றே. பூக்கும் பருவத்தில் நூறு கதிருக்கு ஐந்து பூச்சியும், பால் பிடித்ததிலிருந்து மணி முற்றும் வரை நூறு கதிருக்குப் பதினாறும் இருந்தால்தான் மருந்தைப் பற்றி எண்ண வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

பயற்றில் இருப்பது நெல்லிலிருந்து போனதன்று. அதன் பின்னங்கால் தொடையைக் கவனியுங்கள்: பருத்து, உட்புறம் முட்களோடு இருக்கிறது. நெற்பூச்சிக்குக் கால்கள் எல்லாமே மெலிந்தவை. இது ரிப்டார்டஸ், பயற்றங்காயை உறிஞ்சுவது. அதே படத்தின் மூலையில் ‘கறுப்பு எறும்பு’ என்று நீங்கள் குறித்திருப்பதும் எறும்பன்று, இதன் குஞ்சு. எறும்புக்கு உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். இதற்கு மடிப்பின்றி நீண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் புரையிடத்தில் தென்னை ஓலையின் அடியில் வெள்ளைப் பூச்சி. சிலர் சுருள் வெள்ளை ஈ என்கிறார்கள். ஒரே ஓலையில் சில இடத்தில் வட்டமாகவும் சில இடத்தில் பஞ்சுக்குழிபோலவும் இருக்கிறது.
— வாசகர், கருங்கல்

பதில்: இரண்டு வெவ்வேறு வெள்ளை ஈக்கள் ஒரே ஓலையில் குடியிருக்கின்றன. வட்ட வட்டமாகச் சுழித்து மெழுகுக்கோட்டில் முட்டையிட்டிருப்பது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இது 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்டது. வெள்ளை ஈக்களில் உருவத்தால் பெரியது. சிறகில் ஒழுங்கற்ற வெளிர்பழுப்புப் பட்டைகள் இருக்கும். பஞ்சைக் குவித்துக் கூடு கட்டி அதன் நடுவே உட்கார்ந்திருப்பது பொண்டார் கூடுகட்டும் வெள்ளை ஈ. மிகச் சிறியது, சிறகில் சாம்பல்நிறக் கோடுகள் குறுக்கிட்டுப் பெருக்கல் குறிபோல் தெரியும். உங்கள் நான்காவது படத்தில் அந்தக் குறி ஒரு பூச்சியின் சிறகில் அழகாகப் பதிந்திருக்கிறது. மரச்சீனியிலும் கொய்யாவிலும் நெடுநாளாகக் காணும் சுருள் வெள்ளை ஈ மூன்றாவது இனம். அது 1993-இலேயே கேரளத்துக்கு வந்துவிட்டது. சுழி மட்டும் தெரியும் படத்தில் இதையும் ரூகோஸையும் பிரிக்க இயலாது. சிறகோடு கூடிய வளர்ந்த ஈ வேண்டும்.

ஓலையின் அடியைப் படமெடுக்கும்போது, வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு இடையே கருத்துப்போனவை எத்தனை இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அவை என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்வதால் கருத்தவை. உங்கள் படத்தில் அத்தகையவை பல இருப்பது நல்ல அறிகுறி. அந்த ஓலைகளை வெட்டி எரிக்க வேண்டாம். தண்ணீரை விசையோடு பீய்ச்சுவதும் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதும் போதும். மேல் ஓலையில் படிந்திருக்கும் கரும்பூசணம், ஈ கழிக்கும் தேன்போன்ற கழிவில் வளர்வது. அது தனி நோய் அன்று.

கேள்வி: கொல்லாமரத்தில் (முந்திரியில்) எடுத்த படங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெளிர்மஞ்சள். முதுகில் மனித முகம் தெரிகிறது. ஆணும் பெண்ணுமா, வேறு வேறு இனமா? கொழுந்தைக் கருகச் செய்வது இதுதானா?
— வாசகர், குலசேகரம்

பதில்: இரண்டும் ஒரே இனம்: கட்டகாந்தஸ் இன்கார்னேட்டஸ், மனித முகப் பூச்சி. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பால்வெள்ளை என்று ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் இத்தனை மாறும். இரு சிறகிலும் உள்ள கரும்பொட்டுகள் மாறாதவை. அவையே கண்களாகத் தோன்றுகின்றன. கொழுந்து கருகியதற்குக் காரணம் உங்கள் மூன்றாவது படத்தின் ஓரத்தில், கவனத்தில் படாத இடத்தில், இருக்கிறது. மெலிந்த செந்நிறப் பூச்சி ஒன்று தளிர்க்காம்பில் நிற்கிறது. அதன் முதுகின் நடுவே குண்டூசியை நட்டதுபோல் ஒரு தண்டும் நுனியில் சிறு குமிழும் தெரிகின்றன. ஹெலோபெல்டிஸ் என்னும் தேயிலைக் கொசுவுக்கு உரிய அடையாளம் அது. கொல்லாமரத்தில் பெரும்பாலும் காண்பது அன்டோனி என்னும் இனம். ஆனால் பிராடி, தெய்வோரா ஆகியவையும் தென்னிந்தியாவில் உள்ளன. நிறம் மாறக்கூடியது என்பதால் படத்தை வைத்து இனத்தை முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: மாடித்தோட்டத்து வெண்டையில் மூன்று விதப் பச்சைப் பூச்சிகளும், கூர்மையான தோள் உடைய ஒரு பழுப்புப் பூச்சியும் இருக்கின்றன. நான்கையும் நசுக்கிவிடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: பழுப்பை விட்டுவிடுங்கள். முழுப்பச்சையாக இருப்பதும், தலையும் தோளின் முன்விளிம்பும் மட்டும் மஞ்சளாக இருப்பதும் நெசாரா விரிடுலா என்னும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள். முதுகின் முக்கோணத் தகடு தொடங்கும் இடத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகவும், இரு மூலையிலும் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகளும் இருக்கின்றன. இரண்டு படங்களிலும் எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது பச்சை, சிறகு மட்டும் செம்பழுப்பாக இருப்பது, பிளௌசியா பேரினம். இவை சாறு உறிஞ்சுபவை.

தோள்முள் உடைய பழுப்புப் பூச்சியைப் பக்கவாட்டில் நீங்கள் எடுத்த படம் மிகவும் பயனுள்ளது. உறிஞ்சுகுழல் தடித்து, முன்னோக்கி நீட்டக்கூடியதாக இருக்கிறது. செடி உண்ணும் இனங்களின் குழல் மெலிந்தது. தோள்முள்ளும் தடித்த குழலும் சேர்ந்து இருப்பதால் இயோகாந்திகோனா என்று கருதுகிறேன். புழுக்களைக் குத்தி உறிஞ்சும் இரைவிழுங்கி. வெண்டையில் புழு வரும் காலத்தில் உங்களுக்கு வேலையாள் இது.

கேள்வி: மாணவர்களோடு பள்ளி வளாகப் பூச்சிகளைப் படமெடுத்துப் பெயரிட்டு வருகிறோம். கைப்பேசிச் செயலி ஒரே பூச்சிக்கு மூன்று முறை மூன்று பெயர் சொல்கிறது. படம் எடுப்பதற்கு ஏதேனும் முறை உண்டா? இணைத்துள்ள பச்சை மின்னும் பூச்சி வண்டா, நாவாய்ப்பூச்சியா? சிறகில்லாத சிறு சிவப்புப் பூச்சியின் பெயர் என்ன?
— ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: மின்னும் பூச்சியிலிருந்து தொடங்கலாம். வண்டுக்கு முதுகின் நடுவே நேர்க்கோடு ஒன்று இருக்கும். இரண்டு கடினச் சிறகுகள் சந்திக்கும் விளிம்பு அது. உங்கள் படத்தில் கோடே இல்லை. ஒரே தகடு வயிறு முழுவதையும் மூடியிருக்கிறது. ஆகவே இது நாவாய்ப்பூச்சிக் கூட்டத்து மணிப்பூச்சி; கரும்புள்ளிகளும் பச்சை மினுக்கும் கிரைசோகோரிஸ் பேரினத்தைக் காட்டுகின்றன. சிறு சிவப்புப் பூச்சி ஒரு குஞ்சு. சிறகு முளைக்கும் இடத்தில் குட்டையான மொட்டுகள் மட்டுமே இருப்பதைப் பாருங்கள். தனிக்கண்ணும் சிறகுக் குறிகளும் வளர்ந்த பிறகே தோன்றுபவை. எனவே கொலைகாரப் பூச்சிக் குடும்பம் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: சட்டை உரித்த சிறிது நேரத்துக்கு எந்த நாவாய்ப்பூச்சியும் வெளிறியோ சிவந்தோ இருக்கும், அந்த நேரத்துப் படத்தை நிறத்தால் அடையாளம் காணவே கூடாது.

செயலி குழம்புவதற்குக் காரணம், அது பெரும்பாலும் முதுகுப்புறத்தையும் நிறத்தையும் மட்டுமே காண்கிறது என்பதுதான். பூச்சியியலாளர் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் 1902 முதல் 1918 வரை இந்தியப் பகுதியின் இப்பூச்சிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார்; அவர் கையில் இருந்தவை ஊசியில் குத்திய மாதிரிகள். அவற்றைப் புரட்டிப் பார்த்த வசதியில் எழுதியதால், உறிஞ்சுகுழல் எந்தக் கால்வரை எட்டுகிறது, உணர்கொம்பின் கணுக்களில் எது நீளம், அடிவயிற்றில் என்ன குறி என்றே இனங்களைப் பிரித்தார். அந்த உறுப்புகளை உயிருள்ள பூச்சியிலிருந்து படத்துக்குள் கொண்டுவருவதே உங்கள் வேலை.

அதற்கு எளிய வழி உண்டு. முதலில் பூச்சி இருந்த இடத்திலேயே, செடியோடு சேர்த்துச் சற்றுத் தள்ளி ஒரு படம். செடியின் பெயர் பாதி விடையைத் தந்துவிடும். பிறகு நேர்மேலிருந்து ஒன்று, கண்ணின் மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒன்று. அதன்பின் பூச்சியை ஒரு தெளிந்த கண்ணாடித் தம்ளருக்குள் விட்டு, தாளால் மூடி, தம்ளரைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து எடுங்கள். குழலும் வயிறும் கால் தொடைகளும் ஒரே படத்தில் விழும். துள்ளிக்கொண்டே இருந்தால் குளிர்பதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்து எடுக்கலாம். அளவுக்கு நாணயம் வைப்பதைவிட, மாணவர்களிடம் இருக்கும் கிராஃப் தாள் நல்லது. ஒவ்வொரு சிறு கட்டமும் ஒரு மில்லிமீட்டர். ஃபிளாஷ் போட்டால் மினுங்கும் முதுகில் புள்ளிகள் அழிந்துபோகும், நிழலில் எடுங்கள். நிறத்தைக் கூட்டும் வடிகட்டி எதுவும் வேண்டாம். தேதி, இடம், செடி ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்கு உட்பட்ட கோதையாறு, கீரிப்பாறைப் பக்கம் மாணவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால் வனத்துறையின் அனுமதி பெற்றுக்கொண்டு படம் மட்டும் எடுங்கள். தம்ளரில் பிடிப்பது அங்கே கூடாது.

கேள்வி: எங்கள் விடுதி அறையில் கிடைத்த மூட்டைப்பூச்சியின் படம். வெளிநாட்டுப் பயணிகள் கொண்டுவந்த வேறு இனம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
— விடுதி நடத்துபவர், கன்னியாகுமரி

பதில்: மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சியில் இரண்டு இனங்கள் பரவலானவை. தலைக்குப் பின்னால் உள்ள முன்மார்புத் தகட்டை அளந்தால் பிரிக்கலாம்: அகலம் நீளத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்து, ஓரங்கள் தட்டையாக விரிந்திருந்தால் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ், ஏறக்குறைய இரண்டு மடங்கு மட்டும் இருந்தால் வெப்ப நாடுகளுக்கு உரிய ஹெமிப்டெரஸ். உங்கள் படத்தைத் திரையில் பெரிதாக்கி அளந்ததில் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. இது நம் நாட்டு ஹெமிப்டெரஸ். பயணிகள்மீது பழி போட இப்படத்தில் ஆதாரம் இல்லை. எந்த இனமாயினும் கட்டில் இடுக்கு, மெத்தைத் தையல், சுவர் விரிசல் ஆகியவற்றைச் சுத்தம் செய்வதும் விரிப்புகளை வெந்நீரில் துவைப்பதுமே முதல் வேலை. ஓட்டுக்கூரையில் வௌவால் அடைந்திருந்தால் மட்டும் இன்னொரு படம் அனுப்புங்கள்: பக்கவாட்டில், முன்மார்பின் ஓரத்து மயிர்கள் தெரியும்படி. அம்மயிர்கள் கண்ணின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் அது வௌவாலை அண்டி வாழும் வகை. அப்போது மெத்தையை விட்டுவிட்டுக் கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.